உங்கள் முறை

கடிதம் நான்கே வரி.
என்னைப் பற்றி உங்களிடம் இருப்பதையெல்லாம்
சட்டப்படி எனக்கு அனுப்பிவையுங்கள்.
ஹார்மென் டைக்ஹவுஸ், குரோனிங்கன்.
கோபமும் இல்லை, நன்றியும் இல்லை.
ஒரு மாதத் தவணை.

கால்வாயோரம் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில்
நாங்கள் நான்கு பேர், ஒரு காப்பி இயந்திரம்,
முன்பின் தெரியாதவர்கள் சதுரங்கம் ஆட ஒரு செயலி.
கொடுத்ததை இதுவரை யாரும்
திருப்பிக் கேட்டதில்லை.

எளிதானவை முதலில் வந்தன:
பெயர், பிறந்த தேதி, மறந்துபோய்
மறுபடி கேட்ட கடவுச்சொல், பதினொரு தடவை.
அப்புறம் அட்டவணைக்குள் அட்டவணை.
கிணறு வெட்டினேன்.
பூதம் புறப்படவில்லை,
ஒரு மனிதர் ஏறி வந்தார்
ஈரம் சொட்டச் சொட்ட.

மார்ச்சில் ஒன்பது நாள்
மருத்துவமனை வைஃபையிலிருந்து ஆடியிருக்கிறார்.
படுத்திருந்தவரா, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரா?
அதற்கான நெடுவரிசை எங்களிடம் இல்லை.

ஆட்டங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு ஒரே ஆளோடு:
பயனர் 20417.

வியாழக்கிழமை மட்டும் வரும் வக்கீல் பௌக்யா
மழைக்கோட்டைக் கழற்றாமலே படித்தாள்.
"எதிராளி எழுதியது எதிராளியுடையது. மறைத்துவிடு."
காய் நகர்த்தியதையுமா என்றேன்.
பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்து
அது உடைந்து விழும்வரை யோசித்தாள்.
"சட்டத்தில் குதிரையைப் பற்றி ஒன்றுமில்லை.
ஆட்டம் போகட்டும், பேச்சை மறை."

மறைத்தேன்.

ஹார்மென்: பரவாயில்லை, எனக்கும் தூக்கம் வரவில்லை.
மறைக்கப்பட்டது.
ஹார்மென்: எந்தப் பக்கத்துக் காது?
மறைக்கப்பட்டது.
மறைக்கப்பட்டது.
ஹார்மென்: அப்படியானால் ஜன்னலைத் திறந்து வை.
யானையை எடுத்துக்கொள்கிறேன், மன்னித்துக்கொள்.
மறைக்கப்பட்டது.

பன்னிரண்டாம் நாள் இன்னொரு கடிதம்.
அதே நான்கு வரி, அதே காற்புள்ளி.
கீழே ஒரு பெயர். அதை இங்கே எழுதமாட்டேன்.
எண் மட்டும்: 20417.

அவர்களுக்குள் பேசிவைத்துக் கேட்டார்களா,
பேச்சு நின்றதால் கேட்டார்களா?
இரண்டு திரையிலும் இரண்டு கோப்பைத் திறந்து வைத்தேன்.
இங்கே கறுப்புப் பட்டை விழுந்த இடத்தில்
அங்கே ஒரு வாக்கியம் இருந்தது.
ஜிப் என்றுதான் அதற்குப் பெயர்,
ஒவ்வொருவருக்கும் நான் அனுப்புவதோ
ஒரு பக்கத்துப் பல்லை மட்டும்.
கோர்த்துப் பார்க்கும் இழுப்பான் என் கையில்.
சம்பளம் வாங்குவது
அதை இழுக்காமலிருக்க.

கடைசி ஆட்டம் முடியவில்லை.
ஜூன் பதினான்கு. கறுப்பு நகர்த்தவேண்டும்.
அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் எங்கள் குரல்தான்:
உங்கள் முறை. உங்கள் முறை.
அறுபத்தொரு தடவை.
இந்த இரண்டு சொல்லை எழுதியவன் நான்,
ஏதோவொரு மதியம், சாண்ட்விச்சைத் தின்றபடி.

இரண்டு சுட்டிகளையும் ஒரே நாளில் அனுப்பினேன்.
ஏழு நாளில் காலாவதி.
இறக்கிக்கொண்டார்கள். எப்போது என்பதும்
இன்னொரு அட்டவணையில் போய் உட்கார்ந்துகொண்டது,
அடுத்த முறை கேட்டால் கொடுக்க.

ஹார்மென் பதில் போட்டார்.
மறைத்ததைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.
"கடைசி ஆட்டம். நேரம் தப்பாக இருக்கிறது.
இரவு இரண்டு மணி என்கிறீர்கள்.
நாங்கள் ஆடியபோது மணி நான்கு,
விடியத் தொடங்கியிருந்தது.
திருத்தவும்."

அவர் சொன்னது சரிதான்.
எங்கள் சர்வருக்கு நெதர்லாந்தும் தெரியாது,
கோடைகாலமும் தெரியாது.
பிழையைத் திருத்தக் கேட்பதும் உரிமை என்று
பௌக்யா எப்போதோ சொல்லியிருக்கிறாள்.

ஒரே வரி நிரல்.
இரண்டு மணி நேரம் கூட்டினேன்.

20417 எதுவும் கேட்கவில்லை.
இருந்தாலும் அந்தக் கோப்பையும் திறந்து
அங்கேயும் விடியவைத்தேன்.